சிள்வண்டு கத்தவில்லை

ஏப்ரல் 6, ஞாயிறு

கோடை நேரம் முடிந்ததால் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தேன். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஞாயிறு செய்கிற வீட்டு வேலைகள் மதியத்துக்குள் முடிந்தன. கிளெனிஸ் சொன்ன பட்டியலில் ஒன்றுகூட விடவில்லை. இருபத்தொன்பது வருஷம் ஒரே பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் பழகிவிடும்.

ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. நியூசிலாந்தில் குளிர்காலம் தொடங்குகிறது, இனி செப்டம்பர் வரை எங்கள் ஓமாருவில் எல்லோரும் சில்லிட்ட குளியலறைத் தரையில் ஒற்றைக் காலில் குதிப்பார்கள். அவர்கள் குதிப்பதால்தான் டைல்ஸ் பதிக்கிற என் பிழைப்பு ஓடுகிறது.

நாளை நோலீன் வீடு. எழுபத்தொன்பது வயது, முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். குளிர் வந்தால் கால் விரல்கள் வெளுத்து மரத்துப் போகின்றன. குளியலறைத் தரைக்கு அடியில் மின்கம்பி போட்டுச் சூடாக்கிக் கொடு என்று போன வருஷமே கேட்டார். இந்தக் குளிர்காலத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பழைய தரையைப் போன வாரமே உடைத்து அள்ளியாகிவிட்டது. இன்று குளிர் தடுக்கும் அட்டையை ஒட்டி, அதன்மேல் கம்பி வலையை விரித்தோம். பெட்டியில் இருக்கும்போது ஒரு தரம், விரித்த பிறகு ஒரு தரம் டெரன்ஸ் மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே எண். டெரன்ஸ் எலக்ட்ரீஷியன். சிரித்தால் அதற்கும் வரி கட்ட வேண்டும் என்பதுபோல் இருப்பார்.

நோலீன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த நூலா என் காலைச் சூடு பண்ணப் போகுது? என் தையல் பெட்டில இதைவிடத் தடியா இருக்கு."

"ஜூன் மாசம் பாருங்க நோலீன், இங்கயே கட்டில் போட்டுப் படுத்துப்பீங்க" என்றான் கெலெபி.

"கட்டில் மாதிரி எதையாவது வெச்சு அடைச்சா அடியில கம்பி வெந்துடும்னு நீதானேப்பா காலைல சொன்ன?"

எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கெலெபி பதினோரு வருஷமாக என்னோடு வேலை செய்கிறான், அவன் வாயடைத்து நின்று நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டைல்ஸ் பதித்து முடித்தோம். ஒரே நாளில்.

நாங்கள் வேலை செய்யும் விதத்தை மற்ற பதிப்புக்காரர்கள் கேலி செய்வார்கள். கெலெபி இடதுகைக்காரன். அறையில் இடது பாதி அவனுக்கு, வலது பாதி எனக்கு. ஆளுக்கொரு மூலையில் தொடங்கி நடுவில் வந்து சேருவோம். ஒருவர் முழங்கை இன்னொருவர் மேல் இடிக்காது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நடுக்கோடு எது என்று எனக்கே தெரியாது.

காலையில் அவன் வேனிலிருந்து டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தான், நான் சிள்வண்டை மாட்டினேன். அது உள்ளங்கை அளவுப் பெட்டி. கம்பியின் இரண்டு முனைகளையும் அதில் மாட்டிவிட்டு வேலை செய்ய வேண்டும். பசை பூசும் கரணை பட்டு எங்காவது கம்பி அறுந்தால் அந்த நொடியே காதுக்குள் திருகாணி விடுகிற மாதிரி கத்தும். சிள்வண்டு என்பது கெலெபி வைத்த பெயர்.

நாள் முழுக்க அவன் சர்ச் பாட்டு பாடிக்கொண்டிருந்தான். பாட்டு நின்றால் எங்கோ சிக்கல் என்று அர்த்தம். இன்று நிற்கவில்லை. சிள்வண்டும் கத்தவில்லை. இந்த மாதிரி நாள் வருஷத்தில் நாலு வந்தால் போதும்.

ஏப்ரல் 9, புதன்

டைல்ஸ் இடைவெளிகளை அடைத்தோம். மழை. நோலீன் சீஸ் ரோல் சுட்டுக் கொடுத்தார். கெலெபி ஏழு, நான் நாலு.

ஏப்ரல் 10, வியாழன்

கோபத்தில்தான் எழுதுகிறேன்.

கம்பி செத்துக் கிடக்கிறது. கடைசிச் சோதனைக்கு டெரன்ஸ் வந்து மீட்டர் வைத்தார். எண்ணே வரவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தார். "எங்கயோ அறுந்திருக்கு" என்றார். அவ்வளவு அழகான தரை — அடியில் பிணம்.

இருபத்தாறு வருஷத்தில் எனக்கு இது நடந்ததில்லை. அறுந்திருந்தால் சிள்வண்டு ஏன் கத்தவில்லை? எடுத்துத் திறந்து பார்த்தேன். உள்ளே பேட்டரி இல்லை. குழி மட்டும் இருக்கிறது.

கெலெபியிடம் என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

"சத்தம் எரிச்சலா இருக்குன்னு நீதானே பேட்டரியைக் கழட்டின?"

"நான் கழட்டல பாஸ்."

"அப்ப அதுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா? கம்பியை அறுத்திருக்க. தெரிஞ்சும் மேல டைலைப் போட்டு மூடிட்ட."

"சத்தம் வரல பாஸ்."

"இன்னும் எத்தனை வீட்டுல இப்படி மூடி வெச்சிருக்க?"

கடைசியாகக் கேட்டது இது. நோலீன் கையில் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். டெரன்ஸ் மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கெலெபி தன் கரணையைக் கழுவித் துடைத்து வாளிக்குள் வைத்தான், வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். என் வேனில் வந்தவன். மழையில் வீடு வரைக்கும் நடந்தே போயிருக்க வேண்டும்.

நான் கேட்டதில் என்ன தப்பு? யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

வரவில்லை. போனும் இல்லை. நானும் பண்ணவில்லை.

டைல்ஸ் கடையில் ஒரு வீடு கட்டும் காண்டிராக்டர் என்னைப் பார்த்ததும், "என்னப்பா, கெலெபி உன்னை ஏமாத்திட்டானாமே?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. நேற்று மதியம் நடந்தது, இன்று காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. "அவனுக்குத் தனியா ரெண்டு வீடு கொடுக்கறதா இருந்தேன். நல்லவேளை" என்றார். அவன் தனியாக வேலை எடுக்கப் பார்க்கிறான் என்பதே எனக்குத் தெரியாது.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பசை இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை டெரன்ஸ் டனீடின் நகரத்திலிருந்து இரவல் வாங்கி வந்தார். கதவிலிருந்து நாலாவது வரிசை, அறைக்கு நடுவில் என்று காட்டியது. சுற்றிலும் இடைவெளிப் பூச்சைச் சுரண்டி அந்த ஒரு டைலை முழுசாக நெம்பி எடுத்தேன். கம்பியில் சுத்தமான ஒரு வெட்டு.

டைலைப் புரட்டினேன்.

பசையைப் பல் வைத்த கரணையால் இழுக்கும்போது கோடு கோடாக விழும். நேராகத்தான் இழுக்க வேண்டும். ஆனால் எந்தக் கையும் முடிக்கிற இடத்தில் கொஞ்சம் வளைக்கும். என் கோடு ஒரு பக்கம் வளையும், கெலெபியின் கோடு அதற்கு எதிர்ப்பக்கம் வளையும். கையெழுத்து மாதிரிதான்.

அது என் கோடு.

தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். தரையில் ஒட்டியிருந்த மிச்சப் பசையோடு வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் கைதான். நான்தான். என் கரணைதான் அறுத்திருக்கிறது, நான்தான் மேலே டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்திருக்கிறேன்.

டெரன்ஸுக்கு அது வெறும் பசை. "யார் போட்ட வரிசை இது?" என்று கேட்டார். "நடு வரிசை" என்றேன். பொய்யில்லை. பொய்தான்.

அவர் கம்பியை இணைத்து உறை போட்டார். மீட்டரில் பழைய எண் வந்தது. அரை மணி நேர வேலை. புது டைல் வைத்து மூடினேன். எடுத்த டைலைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கலாமே என்று நோலீன் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

"அந்தப் பையன் இனி வர மாட்டானா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சரி, அறுத்தது நான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேட்டரியைக் கழற்றியது யார்? பேட்டரி இருந்திருந்தால் அறுந்த நொடியே கத்தியிருக்கும், அப்போதே சரிசெய்திருப்பேன். ஆகவே பாதித் தப்பு அவனுடையது. பாதியாவது.

ஏப்ரல் 16, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். வக்கீல் எழுதியது போல் இருக்கிறது. ஈஸ்டர் முடியட்டும், பேசிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 19, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது.

மூன்று மணி இருக்கும். வாசலில் கார் நின்றது. கெலெபியும் அவன் அப்பா மாகாவும் இறங்கினார்கள். இருவரும் கறுப்புச் சட்டை, இடுப்பில் பாய் கட்டியிருந்தார்கள். அவர்கள் டோங்காத் தீவுக்காரர்கள், அங்கே அது மரியாதைக்குக் கட்டுவது. கல்யாணம், சாவு, சர்ச் இவற்றுக்கு மட்டும் பார்த்திருக்கிறேன். மாகா கையில் சுருட்டிய புதுப் பாய் ஒன்று. கெலெபி கையில் மூடிய பெரிய தட்டு, உள்ளே வாட்டிய முழுப் பன்றிக்குட்டி.

விஷயம் தெரிந்து என்னைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கிளெனிஸ் சோபாவைக் காட்டினாள். உட்காரவில்லை. காலணிகளைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஊரெல்லாம் கம்பி போட்டுக் கொடுக்கிறவன் வீட்டுத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். மாகாவுக்கு அறுபத்தாறு வயது. தலையைக் குனிந்துகொண்டு அவர் மொழியில் பேச ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கெலெபி எனக்குச் சொன்னான்.

"அப்பா சொல்றாரு, என் பையன் உங்க வேலையைக் கெடுத்துட்டான். ஊர்ல உங்க பேரைக் கெடுத்துட்டான்."

'என் பையன்' என்று அவனே சொன்னான். குரலில் ஒன்றும் இல்லை. மளிகைச் சாமான் படிக்கிற குரல்.

"அப்பா சொல்றாரு, பதினோரு வருஷம் நீங்க அவனைக் கூட வெச்சுத் தொழில் சொல்லிக் கொடுத்தீங்க. அவன் தப்பை மூடி மறைச்சான். அவனைச் சரியா வளக்காதது என் தப்பு."

மன்னிப்புக் கேட்கிறார். என்னிடம். ஐந்து நாளாக எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு.

"அப்பா சொல்றாரு, நாளைக்கு ஈஸ்டர். இதை வெச்சுக்கிட்டு எங்களால சர்ச்சுக்குள்ள போக முடியாது."

மாகா முகத்தைப் பார்க்க முடியவில்லை. கெலெபி முகத்தைப் பார்க்க இன்னும் முடியவில்லை. மேலே பார்த்தேன். கூரையில் புகை அலாரம். அதன் சிவப்புப் புள்ளி ஒரு தரம் மினுங்கியது.

அப்போதுதான் நினைவு வந்தது.

கடிகாரத்தைத் திருப்பும் ஞாயிறு புகை அலாரத்துக்கும் பேட்டரி மாற்றுவது. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கிளெனிஸின் பட்டியலில் மூன்றாவது. மழை, கடைக்குப் போகச் சோம்பல். வேனுக்குப் போனேன் — சிள்வண்டைத் திறந்தேன் — அதே அளவுப் பேட்டரி — நாளைக்குப் புதுசு வாங்கி இதில் போட்டுக்கலாம்னு —

நான்தான். அதுவும் நான்தான். அன்று காலையில் காலிப் பெட்டியை மாட்டியதும் நான்தான்.

மாகா பேசி முடித்துவிட்டார். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கெலெபி முதல் தடவையாக நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான், அதைவிட வேறு நேரம் கிடையாது.

"பரவாயில்ல" என்றேன். "விடுங்க. மறந்துடலாம்."

என் வாய்தான் சொன்னது. கெலெபி ஒரு நொடி என்னையே பார்த்தான். பிறகு அப்பா பக்கம் திரும்பி அதையும் அவர் மொழியில் சொன்னான். மாகா என் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்த கை, இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கின்றன. அவர் கண் கலங்கியிருந்தது.

கார் போன பிறகு ஸ்டூலில் ஏறிப் புகை அலாரத்தைத் திறந்தேன். பேட்டரியில் மாஸ்கிங் டேப். அதில் 'சிள்வண்டு' என்று என் கையெழுத்து.

"அதை எதுக்குக் கழட்டற?" என்று கிளெனிஸ் கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அந்த மனுஷன் நம்ம தரையில உக்காந்திருந்தாரே மர்ரே" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

பன்றிக்கறி மேசை மேலேயே இருக்கிறது. கிளெனிஸ் தொடவில்லை. நானும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று தடவை அவன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது எனக்கு.

ஏப்ரல் 24, வியாழன்

போனேன். நல்லவேளை, மாகா வேலைக்குப் போயிருந்தார். கெலெபி வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடக்கூட இல்லை.

"கெலெபி, கம்பியை அறுத்தது நான்."

"தெரியும்."

எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன்.

"தெரியும்னு சொன்னேன்ல. பேட்டரி என்ன ஆச்சு? அதுதான் தெரியல."

புகை அலாரக் கதையைச் சொன்னேன். சிரித்தான். அவன் சிரிப்பு மாதிரி இல்லை.

"அறுத்தது எப்படித் தெரியும்?"

"முழங்கால் பட்டையை விட்டுட்டு வந்துட்டேன். எடுக்கறதுக்கு நோலீன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல பூந்தொட்டிக்கடியில பிடுங்கின டைல் கவுந்து கிடக்குது. உங்க கை எனக்குத் தெரியாதா?"

"எப்ப போன?"

"பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்."

வியாழன். அவர்கள் என் வீட்டுக்கு வந்தது சனி. நான் கார்மேல் சாய்ந்துகொண்டேன், சட்டையெல்லாம் சோப்புத் தண்ணீர்.

"தெரிஞ்சுமா வந்த? தெரிஞ்சுக்கிட்டேவா அதையெல்லாம் எடுத்து எனக்குச் சொன்ன?"

"அப்பாகிட்ட சொன்னேன், நான் இல்ல அவருதான்னு. நம்பல. மாட்டிக்கிட்ட உடனே சோறு போட்டவன் மேலயே பழியைத் திருப்பறியான்னு கேட்டாரு. அவ்வளவு பெரிய குரல்ல அவரு என்கிட்ட பேசி இருபது வருஷம் ஆச்சு."

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"அவரு முன்னாடி நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். வண்டில வரும்போதும் நெனச்சேன். தரையில உக்காந்திருக்கும்போதும் நெனச்சேன். நீங்க பரவாயில்லன்னு சொன்னீங்க."

அப்பா வரட்டும், இன்றைக்கே அவரிடம் சொல்கிறேன், நீ அவர் மொழியில் எடுத்துச் சொல் என்றேன்.

"மாட்டேன். ஒரு தடவை உங்க ரெண்டு பேருக்கும் வாயா இருந்துட்டேன். போதும்."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமே?"

"ஆடு வெட்டற இடத்துக்குப் போதுமான அளவு தெரியும்" என்றான். குழாயை மூடிவிட்டு உள்ளே போனான்.

ஏப்ரல் 25, வெள்ளி

விடியற்காலை போர் நினைவு நாள் கூட்டத்தில் டெரன்ஸ் பக்கத்தில் நின்றேன். கூட்டம் முடிந்ததும் சொன்னேன். "அப்படியா" என்றார். பிறகு, "நீ அவனை எல்லார் எதிர்லயும் கேட்டல்ல" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 26, சனி

டைல்ஸ் கடைக்குப் போனேன். அந்தக் காண்டிராக்டர் இருந்தார், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். உரக்கவே சொன்னேன். அறுத்தது நான், பேட்டரியை எடுத்ததும் நான், கெலெபி மேல் ஒன்றும் இல்லை.

காண்டிராக்டர் என் தோளைத் தட்டினார். "பெரிய மனசுய்யா உனக்கு. அவனைக் காப்பாத்த உன் தலைல போட்டுக்கற பாரு."

இல்லை, நிஜமாகவே நான்தான் என்றேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். நான் பொய் சொன்னபோது ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. உண்மையைச் சொன்னால் நல்ல மனுஷன் என்கிறார்கள்.

நோலீன் மட்டும் நம்பினார். உடனே நம்பினார். அந்த டைலை நான் கேட்டதும் தொட்டியை நகர்த்தி எடுத்து, மண்ணைத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "பையன் அன்னிக்கு இதைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தான்" என்றார். "நான் கேட்டேன், என்னப்பா, தரை நல்லா வந்திருக்கான்னு. நல்லா வந்திருக்குன்னுட்டுப் போனான்."

கிளெனிஸ் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மெலே என்று ஒரு டோங்காப் பெண் இருக்கிறாள். மூன்று சொற்கள் சொல்லிக் கொடுத்தாள். 'கோ ஆவு' என்றால் நான்தான். 'ஃபகமோலேமோலே' என்றால் மன்னித்துவிடுங்கள். 'இயோ' என்றால் ஆமாம். வேனில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சர்ச் விட்டு அவர்கள் வீட்டுக்கு வருவதற்குள் போய் வாசலில் நின்றேன். மாகாவுக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார், பெரிய நாற்காலியைக் காட்டினார். காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவர் திகைத்துப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கெலெபி கதவோரம் நின்றான்.

"கோ ஆவு" என்றேன்.

புரியவில்லை. கம்பியை வெட்டுகிற மாதிரி கையால் காட்டினேன். "கெலெபி இல்லை. கோ ஆவு."

மாகா என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவர் முகத்திலும் டைல்ஸ் கடையில் பார்த்த அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியது. "நீங்க நல்ல மனுஷன்" என்றார் இங்கிலீஷில். எனக்கு அழுகை வந்துவிட்டது. கெலெபி வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

செய்தித்தாளைப் பிரித்து டைலை அவர் மடியில் வைத்தேன். கரணை பிடிக்கிற மாதிரி என் வலது கையை அந்தக் கோடுகள்மேல் இழுத்துக் காட்டினேன். பிறகு கெலெபியின் இடது கையைச் சுட்டினேன்.

அவர் சிரிப்பு நின்றது. முப்பது வருஷம் வரிசையில் நின்று கறி வெட்டியவர். எந்த வெட்டை எந்தக் கைக்காரன் போட்டான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி விரல்களைக் கோடுகளில் வைத்து வலது கையால் ஒரு தரம் இழுத்தார், இடது கையால் ஒரு தரம் இழுத்தார். இன்னொரு தரம் வலது கையால்.

பிறகு கெலெபியிடம் ஏதோ கேட்டார். சின்னக் கேள்வி.

"இயோ" என்றான் கெலெபி.

என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார், அடித்தாலும் சரி என்று உட்கார்ந்திருந்தேன். மாகா என் பக்கம் திரும்பவே இல்லை. டைலைக் கீழே வைத்தார். நாற்காலியிலிருந்து இறங்கினார், முழங்கால் மடங்கச் சிரமப்பட்டது. மகன் காலடியில் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"ஃபகமோலேமோலே" என்றார். மகனிடம்.

கெலெபி சுவரோடு ஒட்டிக்கொண்டான். அப்படி ஒரு பயத்தை அவன் முகத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு அவனும் தடாலென்று கீழே உட்கார்ந்து அப்பாவின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். அவர் எழவில்லை. அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

என்னை யாரும் பார்க்கவில்லை. காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேனில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டப் பார்த்தேன், முடிச்சு விழவில்லை.

மே 12, திங்கள்

பசை நன்றாகக் காய்ந்துவிட்டது என்று டெரன்ஸ் இன்று நோலீன் வீட்டுத் தரைக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்துவிட்டார். நோலீன் போன் செய்தார், காலுறை இல்லாமல் நின்று பேசுகிறாராம்.

காண்டிராக்டர் அந்த இரண்டு வீடுகளையும் கெலெபிக்குக் கொடுத்துவிட்டார். மாகா நேரில் போய்ப் பேசியதாகக் கேள்வி. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்னோடு வருவதாகப் போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான். இன்று முதல் நாள், பக்கத்து ஊர் வெஸ்டனில் ஒரு குளியலறை.

ஏழு மணிக்குத் தன் காரில் வந்தான். நான் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி வைத்திருந்தேன். "கொண்டு வந்திருக்கேன்" என்று தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து அதன் மூடியில் ஊற்றிக் குடித்தான். மாகா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார் என்றான்.

முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றான்.

"எந்தப் பக்கம் எனக்கு, மர்ரே?"

எப்போதும் போல இடது பக்கம் என்றேன்.